ஆக்கலும் காத்தலும்

குளம் கட்டியவனை உலகம் போற்றும். ஆண்டுதோறும் அதன் அணைக்கு மண் சுமந்தவனை ஒருவரும் அறியார். வண்ணாத்திவில்லுப் பகுதியைத் தழுவிச் சென்று புத்தளம் களப்பிலே கலக்கும் கலா ஓயா இதற்குச் சான்று பகரும். அவ்வாற்றை மறித்துக் கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கலாவாவியை அமைத்தான். பேணுவார் கை ஓய்ந்த பின்னர் அணை உடைந்து, வாவி காடடர்ந்து, நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. 1887ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் திருத்தப்பெற்றது.

இக்காலத்தார் கணினியுலகிலே கட்டும் குளங்களுக்கும் இது பொருந்தும். திறந்த மூல மென்பொருள் என்பது ஊர்க்குளம் போன்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அத்தகைய மென்பொருள்களுள் இணையச் சட்டகம் என்பதும் ஒன்று. இணையத்தளம் அமைப்போர் அனைவருக்கும் வேண்டிய பொதுவான உறுப்புகளை, அதாவது தகவலைச் சேமித்தல், பயனரை அடையாளங் காணல், பக்கங்களைக் காட்டுதல் முதலியவற்றை, அது முன்னரே ஆக்கித் தருகின்றது. வீடு கட்டுவோன் செங்கல்லைத் தானே சுட வேண்டியதில்லை அன்றோ?

இலங்கையிலே பிறந்த சகானா என்னும் மென்பொருளின் வரலாறு இவ்வகையில் எண்ணத்தக்கது. 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை புத்தளக் கரையைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. ஆயினும் இத்தீவின் கிழக்கிலும் தெற்கிலும் வடக்கிலும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. காணாமற் போனோர் யாவர், முகாம்களில் இருப்போர் யாவர், எவ்விடத்துக்கு எப்பொருள் தேவை என்பவற்றை ஒழுங்காகப் பதியும் வழியின்றி நாடு தவித்தது. அப்பொழுது இந்நாட்டுக் கணினி வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடிச் சில வாரங்களுக்குள் இம்மென்பொருளை ஆக்கினர். 'சகான' என்பது நிவாரணத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். 2005இல் பாக்கித்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்சு மண்சரிவின் போதும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின் போதும் இது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதை இதற்கு வழங்கிற்று.

பாராட்டு இங்கே முடிய, கடினமான பணி தொடங்குகின்றது. துயரம் கண்டு ஓடிவந்த தொண்டர், துயரம் தணிந்ததும் தத்தம் தொழிலுக்குத் திரும்புதல் இயல்பு. எஞ்சியிருப்போர் சிலரே பிழைகளைத் திருத்தவும், முகமறியாதோர் அனுப்பும் மாற்றங்களைச் சோதிக்கவும், பொருந்தாதவற்றைப் பண்போடு மறுக்கவும், கையேடு எழுதவும் வேண்டும்.

அடித்தளமும் அசையாது நிற்பதில்லை. முதலிலே பீஎச்பி மொழியில் இயற்றப்பெற்ற சகானா, பின்னர் 'ஈடன்' என்னும் பெயரோடு, பைதன் மொழியில் அமைந்த வெப்டூபை என்னும் சட்டகத்தின்மேல் புதிதாகக் கட்டப்பெற்றது. அச்சட்டகமோ 2007ஆம் ஆண்டிலே சிக்காகோவிலுள்ள டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோவால் வெளியிடப்பட்டது. பைதனின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதலாம் நாளோடு நின்றது. 3ஆம் பதிப்போ பழைய நிரலை அப்படியே ஏற்பதில்லை. எனவே, அதன்மேல் நின்ற கட்டடங்கள் யாவும் திருத்தம் வேண்டி நின்றன. எவரும் தவறு செய்யாமலே ஒரு மென்பொருள் பழுதாகும் விதம் இதுவே.

பேணாமையின் விலை பெரிது. உலகின் இணையத்தளங்களிற் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எசுஎசுஎல் என்னும் காப்பு மென்பொருளில் 2014ஆம் ஆண்டிலே பெருந்துளை ஒன்று வெளிப்பட்டது. அதனை அதுவரை பேணிவந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கோடிக்கணக்கானோர் நீர் பருகிய குளத்துக்குக் காவலர் இருவர் மூவர் என்பதை உலகம் அன்றுதான் உணர்ந்தது.

புதியதொன்றை ஆக்கும் ஆர்வம் இளைஞரிடம் நிறைய உண்டு. பிறர் ஆக்கியதைப் படித்து, ஒரு பிழையைத் திருத்தி, ஒரு விளக்கத்தைத் தமிழிலே எழுதி உதவுதலும் கல்வியே என்பதைப் பள்ளிகளும் பெற்றோரும் அவர்க்கு உணர்த்தல் வேண்டும். இலவசமாகப் பயன்கொள்ளும் நிறுவனங்களும் அரசுகளும் பேணுவோர்க்கு ஊதியம் தர முன்வருதல் வேண்டும். பேரலை நாள் குறித்து வருவதில்லை. அது வரும் அன்று முகாமிலே கணினியைத் திறக்கும் ஊழியருக்கு வேண்டுவது முன்னொரு காலத்தில் விருது பெற்ற மென்பொருள் அன்று. நேற்றுவரை ஒருவர் பார்த்துப் பேணிய மென்பொருளே.