இணையச் சந்தையும் சிறு வியாபாரிகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மவருள் அநேகர் வீடுகளில் வருத்தத்தோடு பேசப்படுவதாகும். இணையச் சந்தையின் வாயிலாகச் சேலை, தின்பண்டம் முதலியவற்றை விற்றுவரும் சிறு வியாபாரிகள், புதிது புதிதாகக் கேட்கப்படும் பொருள் விவரங்களால் மிகவும் அல்லலுறுகின்றனர். நேற்றுவரை விற்பனையில் இருந்த பண்டம் இன்று காலை பக்கத்தினின்றும் மறைக்கப்படுகின்றது. ‘வேண்டிய விவரம் இல்லை’ என்ற ஒரு வரியே காரணமாகக் காட்டப்படுகின்றது. எந்த விவரம் என்று கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை.

இவ்வருத்தம் எவ்வளவு நியாயமானது என்பதை நடுநிலையில் நின்று ஆராய்வோமாக.

முதலாவது, சட்டம் கேட்பது யாது? பொட்டலப் பண்டங்களைப் பற்றிய 2011-ஆம் வருஷத்து எடையளவு விதிகள் 2017-இல் திருத்தப்பட்டன. அத்திருத்தத்தின்படி, பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டிய விவரங்களுட் பெரும்பாலானவற்றை 2018 ஜனவரி 1 முதல் இணையப் பக்கத்திலும் காட்டுதல் வேண்டும். செய்தவர் பெயர், விலாசம், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, குறை தெரிவிக்கும் இடம் என்பன அவற்றுள் அடங்கும். 2020 ஜூலையில் வெளியான மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பண்டம் உற்பத்தியான நாட்டையும் விற்பவர் தெரிவிக்க வேண்டுமென்றன. தின்பண்டமாயின் 14 இலக்கமுள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ பதிவெண்ணோ வேண்டும்.

இவற்றை அநீதி என்று நாம் கூறலாகாது. கடைத்தெருவிலே வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கின்றார். பலகாரத்தை முகர்ந்து பார்க்கின்றார். தராசு முள்ளின்மேல் கண் வைக்கின்றார். இணையச் சந்தையில் இவை யாவும் இயலா. ஆதலின் கண்ணும் கையும் செய்த வேலையை எழுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. அளவிலே நேர்மையுள்ள வணிகனுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் குறை எங்குள்ளது? பெரிய ஆலைக்கும் அடுப்பங்கரைக்கும் ஒரே படிவம் வைத்ததிலேயே உள்ளது. மதுரைச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்வோம். கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. படிவமோ ஒரு படமும் ஒரு நிறமும் கேட்கின்றது. ஒரே படத்தை வைத்தால் ‘படத்திற்கும் சேலைக்கும் வேற்றுமை’ என்று சரக்குத் திரும்பி வருகின்றது. சேலைதோறும் தனிப் பதிவு செய்தால் நெய்த நேரத்தினும் எழுதும் நேரம் மிகுகின்றது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிக்குச் செய்தவர் விலாசம் என்பது அவள் குடியிருக்கும் வீட்டின் விலாசமே. அதனை ஊரறிய வெளியிட அஞ்சித் தொழிலையே கைவிட எண்ணும் பெண்மக்களை நாம் குறைகூற முடியுமா?

மேலே சொன்ன 2020-ஆம் வருஷத்து விதிகளில், வாங்குபவர் முறையிட்டால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்திற்குள் பரிகாரம் காண வேண்டுமென்று சந்தை நடத்துவோருக்குக் கட்டளை உள்ளது. விற்பவரின் முறையீட்டுக்கு இத்தகைய காலவரையறை அவ்விதிகளில் இல்லை. சரக்கை மறைக்குமுன் காரணத்தைத் தெளிவாகச் சொல்லி, திருத்த அவகாசம் அளித்து, வினவினால் ஒரு மனிதர் விடையளிக்க வேண்டும் என்பதே நாம் சர்க்காரிடம் கேட்கத்தக்கது. விதியை எடுத்துவிடும்படி கேட்பது தகாது. வாங்குபவருக்கு உள்ள நியாயம் விற்பவருக்கும் வேண்டுமென்று கேட்பதே தகும்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் கூடாது. முதலில், சட்டம் கேட்பது எது, சந்தை தானாகக் கேட்பது எது என்று பிரித்தறிய வேண்டும். பல சந்தைகள் கேட்கும் பார்கோடு எண் மேற்சொன்ன விதிகளில் கேட்கப்படுவதன்று. கைவினைப் பொருளுக்கு விலக்களிக்கும் சந்தைகளும் உண்டு. வரிப் பதிவைப் பற்றியும் பலர் அறியாதது ஒன்றுண்டு. 2023 அக்டோபர் 1 முதல், வரவு வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரி தம் மாநிலத்திற்குள் மட்டும் பண்டம் விற்பதாயின், ஜி.எஸ்.டி. பதிவின்றியே, அதற்கெனத் தரப்படும் சேர்க்கை எண்ணைப் பெற்று இணையச் சந்தையில் விற்கலாம்.

அடுத்து, படித்த நம் வாலிபர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைச் சங்கக் கட்டிடத்தில் செலவிட்டு, எழுத அறியாதவருக்குப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாம். வீட்டு விலாசத்தை வெளியிடத் தயங்கும் சகோதரிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து முறைப்படி ஒரு கூட்டுத்தொழில் அமைத்து, பொதுவான தொழிலிடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அங்கே தொழில் நடத்துவாராயின், அவ்விலாசத்தையே காட்டலாம். தனித்தனியே அனுப்பும் முறையீடு கணினியோடு நின்றுவிடும். நூறு குடும்பங்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் அதிகாரியின் மேசையை அடையும்.

இவ்விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்திற்குள் தயாரிக்க ஒரு சிறு குழுவை இன்றே நியமிக்கும்படி வேண்டிக்கொள்கின்றேன்.