எருக்குவியலின் கனல்



மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஊர் வெள்ளாங்குளம். மாரி மழை ஓய்ந்த விடியற்பொழுதில், இத்தகைய ஊர்களின் மாட்டுப்பட்டி அருகே குவித்த எருவிலிருந்து மெல்லிய ஆவி எழக் காணலாம். அதனுள் கையை நுழைத்தவர் சூடு தாளாது மீட்டுக்கொள்வர். தீ மூட்டியவர் எவருமிலர். ஆயின், அக்கனல் எங்கிருந்து வந்தது?

வைக்கோலிலும் இலைதழையிலும் ஞாயிற்றின் ஆற்றல் அடங்கியுள்ளது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு சிதைக்கும்போது, அவ்வாற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வெளிப்படுகின்றது. பரந்து கிடக்கும் குப்பையில் அது காற்றோடு கலந்துவிடும். மூன்றடிக்குக் குறையாத அகலமும் உயரமும் உடையதாகக் குவித்தால், புறப்பகுதி போர்வைபோல் நின்று வெப்பத்தை உள்ளே காக்கும்.

இந்தியாவின் இந்தூரில் ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவார்ட், யஷ்வந்த் வாட் என்னும் அறிஞர்கள், கூட்டெரு ஆக்கும் முறையை 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். 1970களில் பிரான்சின் தென்பகுதியில் ஜோன் பேன் என்பவர், நறுக்கிய சுள்ளிகளைப் பெருங்குவியலாக்கி, அதனுள் நீர்க்குழாயைச் சுருட்டி வைத்து வீட்டுக்கு வெந்நீர் பெற்றார்.

வெயில் கொளுத்தும் வெள்ளாங்குளத்துக்கு வெந்நீர் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். இங்கே அக்கனல் ஆற்றும் பணி வேறு. மாடு மேய்ந்த புல்லின் விதைகளுட் பல சாணத்தோடு உயிருடன் வெளிவருகின்றன. அதனைப் பச்சையாக வயலில் இடும் உழவன், தன் கையாலேயே களையை விதைத்தவனாகின்றான். குவியலின் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள்கள் நின்றால், பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் மடியும். வெளிப்புறம் அவ்வளவு சூடேறாது. ஆதலால் வெளியிலுள்ளதை உள்ளே தள்ளிப் புரட்டுதல் இன்றியமையாதது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இலங்கை உழவர் சேதனப் பசளை தேடி அலைந்தனர். நவம்பரில் தடை நீங்கிற்று; ஆயினும் அந்தக் காலபோக விளைச்சல் பெரிதும் குன்றிற்று. நல்ல எரு ஆகச் சில மாதங்கள் வேண்டும். தேவை வந்தபின் தொடங்குபவனுக்கு அது கிட்டுவதில்லை.

செய்முறை எளிது. வைக்கோல், பச்சிலை, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு நீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரமே போதுமானது. பின்னர்ப் பனையோலையால் மூடுக. சில நாள்கள் சென்றபின் அலவாங்கைக் குவியலின் நடுவே செருகிச் சற்றுநேரம் கழித்து இழுத்துப் பார்க்கலாம். பிடிக்க இயலாச் சூடாயின் வேலை நன்கு நடைபெறுகின்றது. சூடு தணிந்திருப்பின் ஈரம் பார்த்துப் புரட்ட வேண்டும். புரட்டியும் சூடேறாது, கருநிறமாய் மண்வாசனை வீசுமாயின் எரு முதிர்ந்துவிட்டது.

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பாருளர். அக்கனல் ஒரு மாலையில் அவிந்து சாம்பலாகும். அதே வைக்கோலைக் குவித்து வைத்தால், கனல் பல கிழமை நின்று களையை அழித்து, எஞ்சியதை அடுத்த போகத்து நெல்லுக்கு உணவாக்கித் தரும். எக்கனல் வேண்டும் என்பதை உழவரே தெரிந்தெடுத்தல் வேண்டும்.