பூனை நகமும் பட்டுப் பாவும்



பூனை வளர்க்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் சோபாவைப் பற்றிய புலம்பல் வந்துவிடும். சோபாவில் பஞ்சு வெளியே தெரிகிறது, கட்டில் காலில் கீறல், திரைச்சீலை நார்நாராகத் தொங்குகிறது என்பார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் கவலை இதைவிடப் பெரியது. பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் வீடும் தறிக்கூடமும் ஒன்றாகவே இருக்கும். கூடத்தில் குழித்தறி, அதில் ஏற்றிய பட்டுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள். உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை என்றால், குறுக்கிழை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு, கைகொடுக்கக் கூட ஓர் ஆள் என்று பல நாள் ஓடுகிற வேலை. அந்தப் பாவில் பூனை ஒரு முறை நகத்தை மாட்டி இழுத்துவிட்டால், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அன்றைய கூலி போயிற்று.

அதற்காகப் பூனையே வேண்டாம் என்று விடவும் முடியாது. நூலும் கஞ்சியும் புழங்குகிற வீட்டுக்கு எலி வரும். எலி கடித்த பாவு, பூனை கீறிய பாவைவிட மோசம். ஆகவே பூனையும் இருக்க வேண்டும், பாவும் பிழைக்க வேண்டும். இது முடிகிற காரியம்தான்.

முதலில், பூனை ஏன் பிராண்டுகிறது? நம் மேல் கோபத்தில் அல்ல. அதன் நகம் அடுக்கடுக்காக வளர்வது. மேலே பழசாகிப்போன உறையைக் கழற்றினால்தான் உள்ளேயிருக்கும் கூரான நகம் வெளிவரும். பிராண்டிய இடத்துக்குக் கீழே பிறை வடிவில் சின்னச் சின்ன ஓடுகள் கிடப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். உதிர்ந்த உறைகள் அவை. பாதத்து அடியில் வாசனைச் சுரப்பிகளும் உண்டு. பிராண்டும்போது அந்த வாசனை அங்கே படிந்துவிடும். இது என் இடம் என்று பூனை எழுதிவைப்பது அப்படித்தான். அதனால்தான் கீறிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டிச் சோம்பல் முறிப்பதும் இதோடு சேர்ந்த பழக்கம்.

இத்தனை காரணம் உள்ள ஒரு செயலை அடித்து நிறுத்த முடியாது. தண்ணீர் தெளித்தாலும், காலைத் தட்டினாலும், நீங்கள் இருக்கும்போது செய்யாது. நீங்கள் அப்பால் போனதும் செய்யும். உங்கள் மேல் பயம் வந்ததுதான் மிச்சம். சிலர் சோபா இடுக்கில் அந்துருண்டை போடுகிறார்கள், யூகலிப்டஸ் தைலம் தடவுகிறார்கள். தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள். இரண்டும் பூனைக்கு நஞ்சு. இப்படிப்பட்ட பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

அமெரிக்காவில் நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. நகத்தை மட்டும் எடுப்பதல்ல அது. நம் விரலின் நுனிக்கணுவை எலும்போடு வெட்டுவதற்குச் சமம். நியூயார்க் மாநிலம் 2019-ல் அதைத் தடை செய்தது. நம் நாட்டில் விலங்கின் உறுப்பைச் சிதைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த எண்ணமே வேண்டாம்.

செய்ய வேண்டியது, பிராண்டுவதற்கென்று ஓர் இடம் தருவது. பழைய தறியில் கழற்றிப்போட்ட மரச்சட்டம் ஒன்று போதும். மூன்றடி உயரமாவது இருக்கட்டும். பூனை பின்னங்காலில் நின்று உடம்பை முழுதாக நீட்ட வேண்டும். அதில் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். அடிப்பக்கம் கனமான பலகையில் அறைந்துவிடுங்கள். கட்டை ஒரு முறை ஆடிவிட்டால் பூனை பிறகு அதன் பக்கம் போகாது. சில பூனைகளுக்குத் தரையில் பிராண்டத்தான் பிடிக்கும். அவற்றுக்கு ஒரு பலகையில் சாக்கை இழுத்துக் கட்டிப் போட்டால் சரி.

பலர் தவறுவது இடத்தில்தான். கட்டையைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பூனை கீறுகிற சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இன்னொன்று அது தூங்குகிற இடத்தில். சோபாவில் கீறிய ஓரத்தில் இருபுறமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டுங்கள். காலில் பிசுபிசுப்பு படுவது பூனைக்குப் பிடிக்காது. கட்டையில் பிராண்டினால் அந்தக் கணமே ஒரு துண்டு கருவாடு. நம் வேலியோரக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. பிடுங்கிய வேரைக் கட்டையில் தேய்த்தால் பல பூனைகள் அதையே சுற்றிச் சுற்றி வரும். பழகிய பிறகு, நாளுக்குக் கொஞ்சமாகக் கட்டையை உங்களுக்குத் தோதான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். தறி விஷயத்தில் மட்டும் சோதனை வேண்டாம். வேலை முடிந்ததும் பாவின் மேல் கெட்டித் துணி போட்டு மூடி, கூடத்துக் கதவையும் சாத்திவிடுங்கள்.

நகம் வெட்டுவதும் உதவும். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு. வெள்ளையான நுனியை மட்டும் வெட்டுங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடுகிற சதை. வெட்டுவதற்குப் பூனையை எப்படிப் பிடிப்பது? தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகும். ஆனால் அது குட்டிக்கு மட்டும்தான். வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலி, பயம். மடியில் வைத்து, அது அரைத்தூக்கத்தில் இருக்கும்போது இரண்டு நகம் வெட்டினால் போதும். மீதி நாளைக்கு.

நெசவாளர் வீட்டுக்கு இன்னொன்று. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு. வாயில் போன இழையைத் துப்ப அதற்கு வராது, விழுங்கத்தான் வரும். பட்டிழையோ ஜரிகையோ குடலில் நீளமாக மாட்டிக்கொண்டால் குடல் சுருங்கி அறுபடும். அதனால் கழிவு நூலை அன்றன்றைக்கே கூட்டி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.