கோணல் வீடுகளின் ஊர்

இங்கிலாந்து போகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். சஃபோக் பகுதியில் லாவென்ஹாம் என்ற பழைய சந்தை ஊரைப் பாருங்கள்.

நீலக் கம்பளித் துணி நெய்தே செழித்த ஊர். 1524 வரிக் கணக்கில் நாட்டின் முதல் 20 பணக்கார ஊர்களில் ஒன்று. தேவாலயக் கோபுரமே 141 அடி! பிறகு கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, மலிவான துணி நெய்தார்கள், லாவென்ஹாம் படுத்துவிட்டது. இடித்துக் கட்டக் காசில்லை. அதனால்தான் அந்த வீடுகள் நமக்கு மிஞ்சின.

அத்தனையும் கோணல். ஈரம் காயாத ஓக் மரத்தில் கட்டியிருக்கிறார்கள். நம்ம சைட்டில் அந்த மரத்தை யார் சார் பாஸ் பண்ணுவார்கள்? ஆனால் அது கஞ்சத்தனமில்லை. காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. கட்டிய பிறகு காயக் காய மரம் முறுக்கிக்கொண்டது. சுவர் ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம். மர முளை அடித்த இணைப்புகள் வளைந்து கொடுத்தன, விடவில்லை. 1530 வாக்கில் எழுந்த கில்டுஹால், பின்னால் சிறையாகவும் ஏழைகளை வேலை வாங்கும் விடுதியாகவும் இருந்துவிட்டு, இன்றும் சந்தைத் திடலில் நிற்கிறது. தூக்குக்குண்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்!

சட்பரி வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஏழு மைல்தான்.