நம் வழங்கி, நம் காவல்

(இலண்டனில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சமஷ்டி என்னும் சொல் நம் மூத்தோருக்குப் புதிதன்று. 1949இல் தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய நாள்முதல் நம் இல்லங்களில் ஒலித்துவரும் சொல் அது. தன்னைத் தானே ஆண்டு அயலாரோடு கூடிவாழும் அம்முறை செய்திப் பரிமாற்றத்திலும் உண்டு. எக்ஸ்எம்பிபி, இலண்டனில் வேரூன்றிய மேட்ரிக்ஸ் ஆகிய நெறிமுறைகளின் வழியே ஒரு தமிழ்ப் பள்ளியோ ஊர்ச் சங்கமோ தனக்கென வழங்கியொன்றை நிறுவிப் பிற வழங்கிகளோடும் உரையாடலாம்.

மறுமுனையில் இருப்பது உண்மையான வழங்கிதானா என்று காட்டுவதே பாதுகாப்புச் சான்றிதழ். தானே ஒப்பமிட்ட சான்றிதழ், ஒருவர் தம் கையால் எழுதிக்கொண்ட கடவுச்சீட்டுக்கு ஒப்பாகும். 2019 யூனில் வெளியான மேட்ரிக்ஸ் 1.0 முதல், வழங்கிகளுக்கிடையே அது செல்லாது. லெட்ஸ் என்கிறிப்ட் 2015 முதல் கட்டணமின்றியே சான்றிதழ் வழங்குகிறது. ஆதலால் பணமின்மை தடையன்று.

2018 மார்ச்சில் இலங்கையில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டதை நாம் உடனே உணர்ந்தோம். தடை கண்ணுக்குத் தெரியும், ஒட்டுக்கேட்பு தெரியாது. ஜாபர்.ரு என்னும் எக்ஸ்எம்பிபி சேவையின் இணைப்புகள் 2023இல் பல மாதங்களாக இடைமறிக்கப்பட்டன. அந்த ஊடுருவலாளர் பயன்படுத்தியதும் முறைப்படி பெற்ற சான்றிதழே! அதன் காலம் முடிந்து, புதுப்பிக்கப்படாமற் போனதனால்தான் ஒக்ரோபரில் உண்மை வெளிப்பட்டது.

ஆகவே சான்றிதழைப் பெறுவதோடு கடமை முடிவதில்லை. நான்கு செயல்கள் வேண்டும்.

ஒன்று, புதுப்பித்தலைத் தானியங்கச் செய்து, அது நடைபெற்றதா எனவும் பார்த்தல். வழக்கமான 90 நாட் காலம் இனிச் சுருங்கவுள்ளது.

இரண்டு, இடைநிலைச் சான்றிதழ்களையும் சேர்த்து நிறுவுதல். அவை விடுபட்டால் பிற வழங்கிகள் இணைப்பை மறுக்கக்கூடும்.

மூன்று, எந்த நிறுவனம், எந்தக் கணக்கிற்குச் சான்றிதழ் வழங்கலாம் என்பதை ஆள்களப் பெயரின் சிஏஏ பதிவில் குறித்தல்.

நான்கு, பொது வெளிப்படைப் பதிவேடுகளில் நம் பெயருக்கு நாம் கேளாத சான்றிதழ் தோன்றுகிறதா எனக் கவனித்தல்.

இளையோரே, இவற்றைச் செய்யும் அறிவு உங்களிடம் உண்டு. ஒருவர் கையில் மட்டும் விடாது, இருவராகப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரே, அவர்களுக்கு நேரமும் ஊக்கமும் அளியுங்கள். தாயகத்திலுள்ள உறவு நம்பி அனுப்பும் ஒவ்வொரு சொல்லும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதனைக் காப்போம்.