அங்கே இங்கே இருக்கும் பிள்ளைகள்



"உங்கள் மூத்த பையன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டால், நம்மவர்களில் சிலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அங்கே இங்கே இருக்கிறான்" என்பார்கள். கேட்டவரும் அதற்குமேல் கேட்பதில்லை; சொன்னவரும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். இன்று அந்தப் பதிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அங்கே என்றால் எங்கே? இரண்டு நாள் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பாய். அங்கே மகளும் மருமகனும் வந்துவிட்டால் கூட்டாளியின் வீடு. கூட்டாளியின் அப்பா முகத்தைச் சுளித்தால், வேலை செய்கிற மோட்டார் பட்டறையின் பின்கட்டு. அதுவும் இல்லாத இரவில், விடிய விடியத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு கண் விழித்திருப்பது. பதினாறு, பதினேழு வயதில் இப்படி மாதக்கணக்கில் காலம் தள்ளும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சட்டை சுத்தமாக இருக்கும். கையில் தொலைபேசி இருக்கும். திருவிழாவில் காவடிக்கு முன்னால் ஆடிக்கொண்டு வருவார்கள். துணிமணிகளெல்லாம் ஒரே ஒரு பையில் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இவர்களை நாம் வீடற்றவர் என்று சொல்வதில்லை. பட்டணத்துக் கடை வரிசையின் ஐந்தடியில் அட்டை விரித்துப் படுப்பவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். சட்டத்தின் பார்வையும் அதுதான். நம் நாட்டின் 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், பொது இடத்தில் பிச்சை எடுப்பவரையும், பிழைக்க வழியோ தங்க இடமோ இல்லாமல் பொது இடத்தில் காணப்படுபவரையும் பற்றியே பேசுகிறது. பெரியம்மா வீட்டுக் கூடம் பொது இடமல்ல. ஆகவே அதிகாரிகள் இரவில் தெருவில் இறங்கி எத்தனை தலைகளை எண்ணினாலும் இந்தப் பிள்ளையின் தலை கணக்கில் வராது.

நம் குடும்பங்களில் இது ஏன் நேர்கிறது? "பையன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். கோபம் உண்மையாக இருக்கலாம். ஆனால் கோபித்துக்கொண்டவன் திரும்பி வந்து படுக்க இடம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் லயத்து வீடு என்றைக்குமே வேலையோடு ஒட்டிய வீடு. பெயர்ப் பதிவில் ஆள் இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் அந்த வீடு நமக்குச் சொந்தமாகிவிடவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் செம்பனையும் போய்ப் புது நகரங்கள் வந்தன. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்கள் பல மூன்று அறை கொண்ட மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் நுழைந்தன. ஓர் அறையில் தாய் தகப்பன், ஓர் அறையில் கல்யாணமான அண்ணன், ஓர் அறையில் வயதுக்கு வந்த தங்கைகள். நடுப் பையனுக்குக் கூடம். தொலைக்காட்சி ஓயும்வரை அவன் படுக்க முடியாது. அப்பா குடித்துவிட்டு வரும் வீடானால் அதுவும் இல்லை. முதலில் ஓரிரவு வெளியே தங்குகிறான், பிறகு ஒரு வாரம். அவனை யாரும் துரத்தவில்லை. ஆனால் அவன் படுத்த இடத்தில் அண்ணன் குழந்தையின் தொட்டில் வந்துவிடுகிறது.

வேலைக்குப் போய்விட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். தொழிற்சாலைக்குப் போகிறவனுக்கு விடுதியில் ஒரு கட்டில் கிடைக்கிறது. வேலை போனால் கட்டிலும் போகிறது. பாட்டனார் லயத்தில் வாழ்ந்த அதே வாழ்வுதான், கூரைமட்டும் உயரமாகிவிட்டது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னபோது, எந்த வீட்டில் இருப்பது என்ற கேள்வி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எத்தனை கடுமையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெண் பிள்ளையின் நிலை இன்னும் மறைவானது. அவள் ஐந்தடியில் படுக்கமாட்டாள். யார் வீட்டிலாவது இருப்பாள். சில வீடுகளில் சம்பளமில்லாத வேலைக்காரியாக இருப்பாள். சில வீடுகளில் அதைவிட மோசமான விலை கேட்கப்படும். போக்கிடம் இல்லாததால் வாய் திறக்கமாட்டாள். பொருத்தமில்லாத ஒருவனோடு அவள் புறப்பட்டுப் போன பிறகு ஊர் அவளைப் பேசும். முதல் மாதத்திலேயே ஓர் அத்தையோ சித்தியோ தனியே உட்காரவைத்து, "அங்கே உனக்குப் பயமில்லாமல் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டிருக்கலாம்.

உறவுக்குப் பாய் போடுவது நம் பழக்கம். அது நல்ல பழக்கம். பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் "இரு பார்க்கலாம்" என்று சொல்லிப் போடுகிற பாய்க்கும், பேசி முடிவுசெய்து போடுகிற பாய்க்கும் வேறுபாடு உண்டு. முதல் வகையில் பிள்ளை ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எத்தனை மாதம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து கொடுங்கள். முடிந்தால் ஒரு சாவி கொடுங்கள். உங்கள் வீட்டு முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் கடைசி விஷயம் சிறியதாகத் தோன்றும்; அல்ல. பன்னிரண்டு வயதில் எடுத்த அடையாளக் கார்டைப் பதினெட்டு வயதில் மாற்ற வேண்டும். பள்ளிக் கடிதம், வேலைக் கடிதம் எல்லாம் ஒரு முகவரிக்குத்தான் வரும். பையோடு அலைகிறவனிடம் முதலில் தொலைவது பிறப்புப் பத்திரம்தான். கோபத்தில் வீட்டை விட்டுப் போன பிள்ளையின் பத்திரங்களைப் பெற்றோர் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால் இன்னொரு கடமையும் உண்டு. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, பிறர் பிள்ளையைப் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவர் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும். "தெரிவித்தால் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்" என்று அஞ்சுகிறோம். உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ பிள்ளையை ஒப்படைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது.

பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனைப் பின்கட்டில் படுக்க விடுவது உங்கள் இரக்கம். இரவில் வெளியே பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். தீ பிடித்தால் அவனுக்கு வழி வேண்டும். படுக்க இடம் தந்ததைக் காரணம் காட்டிச் சம்பளத்தையும் குறைக்காதீர்கள்.

சம்பாதிக்கத் தொடங்கிய பையனுக்கு மாத வாடகை கட்ட முடிகிறது, முன்பணம்தான் முடிவதில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு வேறு என்று மொத்தமாகக் கேட்டால் எங்கே போவான்? கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் இதில் இறங்கலாம். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால் வெட்டும் கைகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, தோட்டங்களையே வாங்கின. ஓர் அறைக்கு முன்பணம் கடனாகக் கொடுப்பதற்கு ஒரு திருவிழா உபயத்தில் பாதி போதும். பையன் மாதாமாதம் திருப்பிக் கட்டினால் அதே பணம் அடுத்தவனுக்கு உதவும். கோயில் மண்டபத்தில் படுக்கவைப்பதைவிட இது மேல். மண்டபத்தில் படுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மானமுள்ள பிள்ளை இரண்டாம் நாளே போய்விடுவான்.

ஆசிரியர்களே, வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்புமுன், நேற்று எங்கே படுத்தான் என்று தனியே கேளுங்கள்.

உங்கள் சக்திக்கு மீறியது என்று தோன்றினால், அல்லது பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், தாலியான் காசே எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையின் வயது, நேற்று இரவு எங்கே இருந்தது, இன்று இரவு எங்கே இருக்கப் போகிறது என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற விவரங்களை அவர்கள் கேட்பார்கள்.