மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் வேலை: போகலாமா?

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிப்பது என் தொழில். ஒவ்வொரு ஆண்டும் பி.எட். கடைசிப் பருவம் நெருங்கும்போது, வகுப்பு முடிந்த பிறகு யாராவது தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். "மேடம், வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்காம். போகலாமா?" பின்னால் அப்பாவோ அண்ணனோ கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டுவார். அந்தக் கேள்விக்கு நடைபாதையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. இன்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாடு என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. எந்த நாடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தரப்படும் விசா, வழக்கமாக 7 நாடுகளின் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாவுடன் செய்த பொருளாதார ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது நம் ஆசிரியர்களுக்கும் ஒரு சிறு கதவு திறந்தது. ஆனாலும் பள்ளிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த 7 கடவுச்சீட்டுகளைத்தான் கேட்கின்றன. சீனாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

இது அநியாயம் என்பதே என் கருத்து. பிறந்த நாட்டை வைத்து ஆசிரியரின் திறமையை அளக்க முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. அந்த வகுப்பறை அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ஆய்வு நூல் 1999-இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அதைப் படிக்கிறார்கள். அவரே பிறகு அமெரிக்காவில் பேராசிரியரானார். என்றாலும், வேலை தேடும் ஒரு பெண் விசா விதியோடு வாதாடிக்கொண்டிருக்க முடியாது. கதவு எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் அவர் பார்க்க வேண்டும்.

நமக்கு நெடுநாளாகத் திறந்திருக்கும் கதவு மாலத்தீவு. வெளிநாட்டுக்குப் போய்ப் பாடம் நடத்துவது நமக்குப் புதிதும் அல்ல. எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி மன்னர் ஆண்ட காலத்திலேயே கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போனார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் வீட்டிலேயே அப்படிப் போய்வந்த ஒரு தாத்தா இருந்திருக்கலாம். மாலத்தீவில் 1960-களின் தொடக்கத்தில் ஆங்கில வழிப் பள்ளிக் கல்வி ஆரம்பமானது. உள்ளூரில் ஆசிரியர்கள் போதவில்லை. முதலில் இலங்கையிலிருந்து அழைத்தார்கள், பிறகு இந்தியாவிலிருந்து. திவேஹி மொழியும் இஸ்லாமியப் பாடமும் தவிர மற்ற எல்லாப் பாடங்களையும் அங்கே ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். மேல்வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள்.

முதலில் பணத்தைப் பார்ப்போம், எல்லோரும் அதைத்தானே முதலில் கேட்கிறார்கள். சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். ஒரு அமெரிக்க டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அந்த நாடு விதித்திருக்கும் உச்ச விகிதம். முகவர் அந்தக் கணக்கில்தான் சம்பளத்தை நம் ரூபாய்க்கு மாற்றிக் காட்டுவார். காகிதத்தில் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு ஊழியர் மாதந்தோறும் வங்கி வழியாக ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வரம்பு இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது இன்னும் இறுகியிருக்கிறது. மீதிச் சம்பளம் அங்கேயே ருஃபியாவாகத் தங்கிவிடும். வெளிச்சந்தையில் டாலர் வாங்கினால் கூடுதல் விலை; ஆபத்தும் கூட. ஆகவே "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்?" என்று, இப்போது அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டியவர் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புறப்படவே கூடாது.

அடுத்தது இடம். தலைநகர் மாலே சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் லட்சம் பேருக்கு மேல் நெருங்கி வாழும் ஊர். அங்கே வாடகை கழுத்தை நெரிக்கும். பள்ளியே வீடு தருகிறதா, வீட்டுப்படி மட்டும் தருகிறதா என்பதில் கணக்கே மாறிவிடும். வெளித்தீவு என்றால் வாடகைச் சுமை குறைவு, ஆனால் வாழ்க்கை வேறு. திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதைக் கேட்டு "பக்கத்திலதானே" என்று பெற்றோர் நிம்மதி அடைவார்கள். மாலேயிலிருந்து உங்கள் தீவுக்குப் போகும் வழியையும் கேட்க வேண்டும். தெற்குக் கோடியில் இருக்கும் அட்டு, நிலநடுக்கோட்டுக்கும் கீழே, மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் படகு நின்றுபோகும். சிறு தீவில் சுகாதார நிலையம்தான் இருக்கும். பெரிய நோய்க்கு மாலேயில், இந்திய உதவியோடு கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் மீனும் தேங்காயும்தான் பிரதானம். மாசிக் கருவாட்டின் வாசம் பழகியவருக்குக் கவலையில்லை. காய்கறி கப்பலில் வர வேண்டும், தூத்துக்குடியிலிருந்தும் போகிறது. சுத்த சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இஸ்லாம் அந்த நாட்டின் அரசு மதம். பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபட அனுமதி இல்லை. வழிபாட்டுச் சிலைகளையும் மதுவையும் பன்றி இறைச்சியையும் உள்ளே கொண்டுபோகத் தடை. அது அவர்கள் நாட்டுச் சட்டம். மதித்து நடக்க முடியும் என்றால் போகலாம். தினமும் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாமல் மனம் அமைதி கொள்ளாது என்பவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் "போய்வா" என்று சிலருக்கு நான் மனமாரச் சொல்கிறேன். காரணம் வகுப்பறை.

நம் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் கொஞ்சம் தடுமாறினால் தமிழ் கைகொடுக்கும். "புரியலையா? தமிழ்ல சொல்றேன்" என்று பாடத்தை மொழிபெயர்த்துவிடுவோம். பிள்ளைகளுக்குக் கதை புரியும், ஆங்கிலம் வராது. மாலத்தீவில் அந்த வழியே கிடையாது. உங்களுக்குத் திவேஹி தெரியாது, பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. படம் வரைந்து, நடித்துக் காட்டி, கடினமான வாக்கியத்தை உடைத்து எளிய ஆங்கிலத்தில் மறுபடி சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு ஆண்டு அப்படி நடத்தியவர் திரும்பி வந்து வகுப்பெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் பேச்சு குறைந்திருக்கும். பிள்ளைகளிடம் பேச்சு கூடியிருக்கும்.

அந்தப் பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். குர்ஆன் ஓதப் படிக்கும் அரபு எழுத்தும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் எதிர்த்திசை. முதல் வகுப்புப் பிள்ளை நோட்டின் எந்த ஓரத்தில் தொடங்குவது என்று திகைத்தால் அதட்டக் கூடாது. ஒலியில் நிலைமை தலைகீழ். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாக ஒலிக்கிறோம். திவேஹியில் அவை தனித்தனி ஒலிகள், தனித்தனி எழுத்துகள். ஆங்கிலச் சொல்லில் அந்த இரண்டையும் நாம் குழப்பினால் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். போவதற்கு முன் வாய்விட்டுப் பயிற்சி செய்துகொண்டு போங்கள்.

பாடம் நடத்தும் முறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1979-இலிருந்து 1984 வரை என். எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணத்தை முன்வைக்காமல், பிள்ளைகளுக்கு ஒரு கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, அதில் ஒரு சிக்கலை ஆங்கிலத்திலேயே தீர்க்கச் சொல்வது அவர் முறை. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அந்த முறைக்கு மாலத்தீவு போலப் பொருத்தமான இடம் கிடைக்காது. படகு நேர அட்டவணையை விரித்து வையுங்கள். "ஞாயிறு காலை பக்கத்துத் தீவு மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்ப முடியுமா?" என்று கேளுங்கள். வகுப்பே பேசும்.

யார் போகக் கூடாது? பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுப் போக நினைப்பவர். அரசுப் பணித் தேர்வுக்கு முழு மூச்சாகப் படித்துக்கொண்டிருப்பவர். நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டப் போகிறவர். கடைசியில் சொன்னவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம்.

மோசடி எந்த அளவுக்குப் போகும் என்பதை 2022-இல் பார்த்தோம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் வலை விரிக்கலாம். "இப்போதைக்கு சுற்றுலா விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். எந்தத் தீவு, எந்தப் பள்ளி, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, விடுமுறை மாதச் சம்பளம் உண்டா, போக வர விமானச் செலவு யாருடையது, இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே; ரசீதும் தர வேண்டும். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் அவருடைய பெயரையும் பதிவு எண்ணையும் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத முகவர் உறவினராகவே இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.